ஒரே ஃபோல்டரில் இரண்டு பொன்னழகு

கம்ப்யூட்டரில் என்ன பழுது என்று பிடிபட்டுவிட்டால் ஒச்சாயிக்குச் சிரிப்பு வந்துவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, பக்கத்தில் மேசை இருந்தால் மேசையை, ஆள் இருந்தால் ஆளைத் தட்டிச் சிரிக்கிற சிரிப்பு. பழுதைத் தேடும்போது அவள் முகம் பரீட்சை எழுதுகிற பிள்ளையின் முகம்போல இறுகிக் கிடக்கும். கண்டுபிடித்த நொடியில் உடைந்துவிடும். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. "அம்புட்டு நேரம் நம்மளச் சுத்தல்ல விட்டது இத்தினிக்காணு விஷயம்தானான்னு நெனச்சா வந்துருது" என்பாள்.

சேவுகம்பட்டியில் கத்திரிக்காயும் தக்காளியும் போடுகிற வேலுசாமியின் மூன்றாவது பெண் அவள். முதல் இரண்டு பெண்களுக்கும் வாரப் பத்திரிகைகளைப் புரட்டி நாகரிகமாகப் பெயர் வைத்த வேலுசாமி, மூன்றாவதற்குக் குலசாமியின் பெயரை வைப்பதாக எப்போதோ நேர்ந்துகொண்டிருந்தார். அப்படித்தான் இவள் ஒச்சாயி ஆனாள். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ சேர்ந்த முதல் நாள் வருகைப் பதிவில் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் இவள் சிரித்துவிட்டாள். அத்தோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. இன்றைக்கும் புதிதாக போன் பண்ணுகிறவர்கள், "பாட்டி, கம்ப்யூட்டர் பாக்குறவங்ககிட்ட செத்த போனக் குடுங்க" என்று கத்திப் பேசுவார்கள். அவளுக்கு வயது முப்பத்தைந்து. பாட்டி என்று கூப்பிட்டவர்களிடம் "இந்தா குடுக்குறேன்" என்று சொல்லி, போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி, "சொல்லுங்க சார்" என்பாள்.

படிப்பு முடிந்து திண்டுக்கல்லில் ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு வாய்த்தது பாண்டியராஜும் ஒரு வேலைநீக்கமும். பாண்டியராஜ் கேபிள் இழுக்கிறவர். ஒரு ஜவுளிக்கடையின் பொய்க்கூரைக்குள் படுத்துக்கொண்டு அவர் ஒயரைத் தள்ள, கீழே ஓட்டைக்கு நேரே நின்று இவள் பிடித்து இழுக்க வேண்டும். "வந்துருச்சா?" என்று மேலிருந்து குரல் வரும். "வரல" என்பாள் இவள். ஒரு நாள் முழுக்க இதே பேச்சுதான். முகம் தெரியாமலே இருவருக்கும் பிடித்துப்போனது. சாயங்காலம் ஒட்டடையும் தூசியுமாக இறங்கி வந்தவரைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் பிடித்தது.

கல்யாணமான நான்காவது மாதம் வேலை போனது. ஒரு ஸ்கேன் சென்டரில், ஸ்கேன் அறையில் எடுக்கிற படங்களை டாக்டர் அறைக் கம்ப்யூட்டரில் திறக்க முடியவில்லை என்று அவளை அனுப்பியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் தேடினாள். கடைசியில் பார்த்தால், ஸ்கேன் அறைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பொட்டு பேட்டரி செத்து, அதன் தேதி இருபது வருஷம் பின்னால் போயிருந்தது. இருபது வருஷத்துக்கு முந்திய தேதியோடு கதவைத் தட்டினால் டாக்டர் அறைக் கம்ப்யூட்டர் எப்படித் திறக்கும். ஒச்சாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், தன் முதுகெலும்புப் படத்தைப் பார்த்துத்தான் இந்தப் பெண் இப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்து மயக்கம் போட்டார். அவரைத் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். முதலாளி மறுநாள் இவளை வர வேண்டாம் என்றுவிட்டார். இனிமேல் உன் பேரிலேயே வேலை பார், உன்னை நீயே நிறுத்த முடியாதல்லவா என்றார் பாண்டியராஜ்.

அப்படித்தான் தனியாக ஆரம்பித்தாள். கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். "அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குறது இந்தக் கம்ப்யூட்டர்ல தொறக்க மாட்டேங்குது" என்கிற நோய்க்கு மட்டும் யாரும் நின்று வைத்தியம் பார்ப்பதில்லை. எழுந்து போய் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒச்சாயி அந்த நோயைத்தான் விரும்பி எடுத்துக்கொண்டாள். அது பெருகிக்கொண்டும் இருந்தது. கடைக்குக் கடை அப்பா விண்டோஸில் உட்கார்ந்திருப்பார். சென்னையில் படித்துவிட்டு வந்த மகளோ மகனோ மேக் வைத்திருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவாகப் படங்களையும் பைல்களையும் போட்டுவைக்க, மூலையில் லினக்ஸ் ஓடுகிற ஒரு பெட்டி இருக்கும். மூன்றும் ஒரே ஒயரில் தொங்கும். ஒன்றுக்கொன்று பேசாது. அவற்றைப் பேசவைப்பதற்காக ரெட்டியார்சத்திரத்துக்கும் வடமதுரைக்கும் நடுவில் ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டே இருந்தாள். பழுது பிடிபட்ட இடத்திலெல்லாம் சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டால், சரியாகிவிட்டது என்று முதலாளிகள் டீ சொல்லிவிடுகிற அளவுக்கு அது பழகிப்போயிருந்தது.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு பேகம்பூரிலிருந்து இஷாக் பாய் கூப்பிட்டார். அடையாள அட்டை அச்சிடுகிற கடை அவருடையது. அவர் மகள் ஹுஸ்னா போட்டோ எடுப்பாள். இரண்டு பேருக்கும் ஒச்சாயி வழக்கமாகப் போகிற ஆள். பாய் எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். அன்றைக்கு நிதானத்தை எங்கேயோ தொலைத்திருந்தார். ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பெண் விவசாயிகள் சங்கத்துக்கு ஐந்நூற்று நாற்பது அட்டை. மூன்று மணிக்குப் பொதுக்குழுக் கூட்டம். அட்டை இல்லாதவர்கள் ஓட்டுப் போட முடியாது. வாங்கிப் போக பத்து பெண்கள் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். ஆனால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மூலைப்பெட்டி திறக்கவில்லை, ஒரு படமும் வரவில்லை என்றார்.

ஒச்சாயி போய்ச் சேர்ந்தபோது கடைக்குள் நிற்க இடமில்லை. பச்சைப் புடவையில் ஒருவர் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் காவல் நிற்பதுபோல நின்றிருந்தார். சங்கத் தலைவி சிவனம்மாள் என்று ஹுஸ்னா காதில் சொன்னாள். கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவர் பொன்னழகு. போன தேர்தலில் சிவனம்மாளை எதிர்த்து நின்று பதினொரு ஓட்டில் தோற்றவர். சம்பங்கி விவசாயி. இருவருக்கும் நடுவில் கடையின் அகலம் முழுக்க இருந்தது.

பெட்டி திறக்காததற்குக் காரணம் பத்து நிமிஷத்தில் தெரிந்தது. பாய் முந்தின நாள்தான் பழைய கம்ப்யூட்டரை மாற்றிப் புதிது வாங்கியிருந்தார். பழையது பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமலே பெட்டிக்குள் போய்வந்துகொண்டிருந்தது. புதியதோ, யாரென்று கேட்காமல் உள்ளே விடுகிற பெட்டியை நம்ப மாட்டேன் என்று நின்றது. ஒச்சாயி பெட்டியில் பாய் பெயருக்கு ஒரு கணக்கு உண்டாக்கி, ஒரு பாஸ்வேர்டு வைத்து, அதை விண்டோஸுக்குச் சொல்லிக்கொடுத்தாள். படங்கள் வரிசையாக வந்து நின்றன. அளவாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அரை டம்ளர் டீயையும் குடித்துவிட்டு, வடமதுரையில் ஒரு டைல்ஸ் கடைக்காரர் காத்திருக்கிறார் என்று ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தாள்.

அப்போது முதல் அறுபது அட்டைகள் அச்சாகி விழுந்திருந்தன. சிவனம்மாள் அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பொன்னழகு தன் அட்டையை வாங்கிப் பார்த்தார். பெயர் இருந்தது. ஊர் இருந்தது. முகம் இருக்க வேண்டிய கட்டம் வெள்ளையாக இருந்தது.

பொன்னழகு சத்தம் போடவில்லை. அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். பிறகு தன் பக்கத்து ஆட்களின் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். நாகஜோதிக்கு வெள்ளை. கோமதிக்கு வெள்ளை. சரோஜாவுக்கு வெள்ளை. மூவரும் போன தேர்தலில் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள். சிவனம்மாளின் மகள் புவனேஸ்வரிக்கும், மருமகள் அறிவுச்செல்விக்கும் முகம் அழகாக விழுந்திருந்தது.

"ஒனக்கு ஓட்டுப் போடாத ஆளுகளாப் பாத்து மொகத்தத் தூக்கிருக்க" என்றார் பொன்னழகு. "ஓம் மகளுக்கு மட்டும் பவுடரு தெரியுற மாதிரி விழுந்துருக்கு."

சிவனம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தனக்கு மௌஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது என்றார். அதற்குப் பொன்னழகு, உனக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தவர்களைப் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று சொல்லி ஹுஸ்னாவைப் பார்த்தார். ஹுஸ்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றரை மாதமாக அவள் ஊர் ஊராகப் போய், வரப்பிலும் களத்துமேட்டிலும் ஒவ்வொருவரையும் நிறுத்தி எடுத்த படங்கள் அவை. பொன்னழகை மட்டும் எட்டு முறை எடுத்திருந்தாள், கண்ணை மூடிக்கொண்டே இருந்ததால்.

ஒச்சாயி சாவியை மேசையில் வைத்தாள். முகம் இறுகிக்கொண்டது.

கடையில் வேலை நடக்கிற விதம் இதுதான். சங்கத்தின் பெயர்ப்பட்டியல் விண்டோஸில் இருக்கும். ஹுஸ்னா எடுத்த படங்களைத் தன் பழைய மேக் லேப்டாப்பில் அந்தந்தப் பெண்ணின் பெயரையும் இனிஷியலையும் தமிழில் தட்டிச் சேமித்துவைப்பாள். தினமும் சாயங்காலம் அவை தானாக மூலைப்பெட்டிக்குப் பிரதியாகிவிடும். அட்டை அச்சிடும் மென்பொருள் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்து, பெட்டிக்குள் அதே பெயரில் படம் இருக்கிறதா என்று தேடி, அட்டையில் ஒட்டும். இதுவரை பள்ளிக்கூடங்களுக்குச் செய்த அட்டைகளில் படத்துக்கு எண்தான் பெயர். தமிழில் பெயர் வைத்தது இதுதான் முதல் தடவை.

மொத்தம் எத்தனை பேருக்கு முகம் வராது என்று பார்த்தாள். எண்பத்து மூன்று பேர். அவர்களின் படங்கள் பெட்டியில் இல்லையோ என்று பார்த்தாள். இருந்தன. பொன்னழகின் படத்தைத் தொட்டதும் திரை நிறையத் திறந்தது. கண் திறந்துதான் இருந்தது. அப்படியானால் மென்பொருளுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை. பெயரில் எழுத்துப் பிழையா என்று பட்டியலோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். பிழை இல்லை. பெயருக்குப் பின்னால் யாராவது தெரியாமல் ஸ்பேஸ் தட்டியிருக்கிறார்களா என்று பார்த்தாள். இல்லை. இந்த எண்பத்து மூன்றுக்கு மட்டும் படிக்க அனுமதி இல்லையோ என்று பெட்டிக்குள் போய்ப் பார்த்தாள். எல்லாருக்கும் ஒரே அனுமதி. பட்டியலிலிருந்து பெயரை நகலெடுத்துப் பெட்டியில் தேடினாள். அப்படி யாரும் இல்லை என்றது கம்ப்யூட்டர். இருக்கிற ஆளைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டே இல்லை என்றது.

மணி பதினொன்றே கால். அதற்குள் பெண்களுக்குள் பேச்சு தடித்திருந்தது. சிவனம்மாள் கையிலிருந்த அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒன்றை உருவி எடுத்தார். தன் அக்கா மகள் லோகநாயகிக்கும் முகம் இல்லை, சொந்த ரத்தத்தையே வெட்டிவிடுவேனா என்று கேட்டார். அது கண்துடைப்புக்கு என்றார் பொன்னழகு.

ஒச்சாயியை அந்த லோகநாயகி பிடித்துக்கொண்டாள். எதிரணி மட்டுமில்லை, தலைவியின் வீட்டுப் பெண்ணும் காணவில்லை என்றால் இதில் அரசியல் இல்லை. வேறு ஏதோ ஒன்று இவர்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. அது என்னவென்று தெரியாமல், சும்மா கை வந்தபடி ஒரு காரியம் செய்தாள். பொன்னழகின் படத்தைத் திறந்து, அதே ஃபோல்டரில் "பொன்னழகு க" என்று தன் கையால் தட்டிச் சேமித்தாள். ஏற்கெனவே இந்தப் பெயரில் ஒன்று இருக்கிறதே, அழித்துவிடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்க வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரும் கேட்கும். இது கேட்கவில்லை. அமைதியாக இன்னொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது.

ஒரே ஃபோல்டரில் இரண்டு பொன்னழகு. ஒரே பெயர், ஒரே முகம், கையில் ஒரே சம்பங்கிக் கூடை.

ஒச்சாயி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். ஹுஸ்னாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஹுஸ்னா தன் அத்தாவைக் கூப்பிட்டாள். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராகப் பத்துப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். பொன்னழகுக்கு வழி விட்டார்கள். அவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நா ஒருத்திதான ஆத்தா" என்றார். "இதுல யாரு நா?"

"ரெண்டாவதுதாங்க்கா அட்டைக்கு வரும்" என்று சொல்லி ஒச்சாயி அச்சுக்குக் கொடுத்துப் பார்த்தாள். வந்தது. பொன்னழகு, முகத்தோடு, கண் திறந்து, அட்டையில் விழுந்தார்.

ஆக, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு பெயர்களும் கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. எங்கே வேறு என்பதுதான் தெரிய வேண்டும். ஒச்சாயிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து, இன்னும் நேரமாகவில்லை என்று நின்றுகொண்டிருந்தது. அவள் ஹுஸ்னாவிடம் முகம் வராதவர்களின் பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். கண்ணால் பார்த்துப் பிடிபடாதது காதுக்காவது பிடிபடட்டும் என்றாள்.

ஹுஸ்னா வாசித்தாள். பொன்னழகு. நாகஜோதி. கோமதி. சரோஜா. லோகநாயகி. தொட்டிச்சி. மனோன்மணி. யோகலட்சுமி. ரோஸ்மேரி. கொடிமலர்.

ஒச்சாயி பெயர்களைக் கேட்பதை விட்டுவிட்டு ஹுஸ்னாவின் வாயைப் பார்த்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அது ஒருமுறை வட்டமாகக் குவிந்து விரிந்தது. பலூன் ஊதப் போகிறவள்போல. அடுத்த பெயர், மறுபடி குவிந்தது. அடுத்ததற்கும்.

"திருப்பிப் படி."

ஹுஸ்னா திருப்பிப் படித்தாள். இந்த முறை ஒச்சாயியும் கூடவே சொன்னாள். நாகஜோதிக்கும் கோமதிக்கும் தங்கள் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்க்கத் தோன்றியது. சொன்னார்கள். குவிந்தது. முகம் விழுந்த புவனேஸ்வரி தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குப் 'பு'விலேயே குவிந்துவிட்டது. அப்போது கணக்கு சரியாக வரவில்லையே என்று பாய் யோசித்தார். வாய் குவிவது மட்டும் போதாது, எழுத்தைப் பாருங்கள் என்றாள் ஒச்சாயி. பொ, ஜோ, கோ, ரோ, லோ, தொ. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் வாங்குகிற எழுத்துகள். புவனேஸ்வரியில் அது இல்லை. சிவனம்மாளில் இல்லை. அறிவுச்செல்வியில் கொம்பு இருக்கிறது, பின்னால் கால் இல்லை.

ஹுஸ்னா பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். வசந்தா என்று ஒருத்திக்கும் முகம் வரவில்லை. வசந்தாவில் கொம்பும் இல்லை, ஓவும் இல்லை. ஒச்சாயியின் முகம் மறுபடி இறுகப் பார்த்தது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண், வசந்தாவின் அப்பா பெயர் என்ன என்று யாரையோ கேட்டாள். சோலைமலை என்று பதில் வந்தது. பட்டியலில் பார்த்தார்கள். வசந்தா சோ.

ஒச்சாயி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. விண்டோஸில் தான் தட்டிய பொன்னழகை எடுத்து, 'பொ'வுக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் அழித்து, 'பொ'வை மட்டும் நிறுத்தி, அழிக்கும் விசையை ஒரு தட்டுத் தட்டினாள். கொம்பும் காலும் சேர்ந்து போய், 'ப' மட்டும் நின்றது. அடுத்து, மேக்கிலிருந்து வந்த பொன்னழகை எடுத்து அதே மாதிரி 'பொ'வில் நிறுத்தி, ஒரு தட்டுத் தட்டினாள். கால் மட்டும் உதிர்ந்தது. 'பெ' என்று நின்றது.

அதற்குமேல் அவளால் முடியவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் பாயின் அச்சு இயந்திரத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஹுஸ்னாவுக்குத் தொற்றியது. எதற்கென்று தெரியாமலே கோமதி சிரித்தார், கோமதியைப் பார்த்து சரோஜா. பாய் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். வெளியே டீக்கடையில் நின்றிருந்தவர்கள் கடைக்குள் என்ன கூத்து என்று எட்டிப் பார்த்தார்கள். சிவனம்மாள் மட்டும் சிரிக்காமல், இதில் என் மேல் பழி இருக்கிறதா இல்லையா, அதை முதலில் சொல் தாயி என்றார்.

ஒச்சாயி மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். 'பொ' என்கிற எழுத்தை இந்த விண்டோஸ் ஒரே துண்டாக வைத்துக்கொள்கிறது. ஹுஸ்னாவின் பழைய மேக், கொம்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு என்று பிரித்து வைத்துக்கொள்கிறது. திரையில் எழுதிக் காட்டும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டுமே சரியான முறைதான், யார் மேலும் தப்பில்லை. மூலையில் இருக்கிற லினக்ஸ் பெட்டி எதிலும் தலையிடாது, எது வந்தாலும் வந்தபடியே வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டு பொன்னழகையும் ஒரே வீட்டில் குடிவைத்தது. அட்டை மென்பொருள் ஒட்டிய பொன்னழகைத் தேடிப் போனது, பெட்டியில் இருந்ததோ பிரித்த பொன்னழகு. கொம்பும் காலும் சேர்ந்து வருகிற எழுத்து உள்ள எல்லோருக்கும் இதே கதைதான். அவர்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பொன்னழகு இதைக் கவனமாகக் கேட்டார். தான் கையெழுத்துப் போடும்போது முதலில் கொம்பு, பிறகு பானா, அப்புறம் கால் என்று மூன்றாகத்தான் போடுவதாகவும், அப்படிப் பார்த்தால் ஹுஸ்னாவின் கம்ப்யூட்டர் எழுதுவதுதான் முறை என்றும் தீர்ப்புச் சொன்னார். பாயின் புதுக் கம்ப்யூட்டரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மிச்ச வேலைக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெயர்களில் பிரிந்து கிடக்கிற எழுத்துகளை ஒட்டவைக்க மூலைப்பெட்டியிலேயே வழி இருந்தது. ஒச்சாயி ஒரு வரிக் கட்டளையைத் தட்டி, முதலில் எதையும் மாற்றாமல், என்ன மாறும் என்று மட்டும் காட்டச் சொன்னாள். எண்பத்து மூன்று பெயர்கள் வரிசையாக ஓடின. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. தான் உண்டாக்கிய இரண்டாவது பொன்னழகை முதலில் அழித்தாள், இல்லையென்றால் ஒட்டின பிறகு இருவரும் மோதிக்கொள்வார்கள். பிறகு நிஜமாகவே மாற்றச் சொன்னாள். மேக்கிலிருந்து இனிமேல் பிரதியாகி வருகிற படங்களின் பெயர்கள் வழியிலேயே ஒட்டிக்கொண்டு வரும்படியும் செய்துவைத்தாள்.

பாய் அச்சைத் தொடங்கினார். அட்டைகள் சூடாக விழுந்தன. நாகஜோதி முகத்தோடு விழுந்தார், கோமதி விழுந்தார். தொட்டிச்சி விழுந்தபோது அவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே படத்துக்கு நின்றிருக்கிறார் என்று கண்டு ஒரு ஆரவாரம். ஒவ்வொரு அட்டைக்கும் பெண்கள் பெயரைச் சேர்ந்து சொன்னார்கள், ஓ வருகிற இடத்தை வேண்டுமென்றே நீட்டி. மனோ…ன்மணி. யோ…கலட்சுமி. வசந்தாவின் அட்டைக்கு இனிஷியலை மட்டும் சொன்னார்கள்.

ஒன்றரை மணிக்கு ஐந்நூற்று நாற்பது அட்டையும் மூன்று பைகளில் ஏறின. வேனில் ஏறப்போன பொன்னழகு படியில் நின்று திரும்பினார். எல்லோரும் அவர் சிவனம்மாளிடம் ஏதாவது சொல்வார் என்று பார்த்தார்கள். சொன்னார்.

"அட்டையில இருந்து படத்தத் தூக்குனது நீ இல்ல. ஒத்துக்குறேன். ஆனா போன கூட்டத்துல எங்கிட்ட இருந்து மைக்கப் புடுங்குனது நீதான்."

"அது நாந்தான்" என்றார் சிவனம்மாள். "இன்னைக்கு முத ஆளா நீயே பேசு. செத்த சுருக்கமாப் பேசு."

பொன்னழகு யோசித்தார். பிறகு உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையிலிருந்த அட்டைப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சிவனம்மாள் அந்த இடத்தில் உட்கார்ந்தார். வேன் கிளம்பியது. அன்றைக்குப் பொதுக்குழுவில் பொன்னழகு நாற்பது நிமிஷம் பேசினார் என்று பிறகு ஹுஸ்னாவுக்குத் தகவல் வந்தது. யாரும் மைக்கைத் தொடவில்லையாம்.

ஒச்சாயி பாய் வீட்டிலேயே சாப்பிட்டாள். ரசமும் முட்டை வெஞ்சனமும். பாண்டியராஜுக்குப் போன் போட்டு, திண்டுக்கல்லில் எத்தனை பேர் பெயரில் ஓ இருக்கிறது தெரியுமா என்று கேட்டாள். அவர் எங்கேயோ கூரைக்குள் இருந்தார்போல, குரல் எதிரொலித்தது. என்ன ஓ என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

வடமதுரைக்குத் திருச்சி ரோட்டில் ஸ்கூட்டரை விட்டாள். வெயில் நன்றாக இருந்தது. முதலில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைப் பலகையில் 'மோ' கண்ணில் பட்டது. அடுத்து ஒரு ஜோதிட நிலையம். ஹோட்டல். கோழிக்கடை. சோபா ரிப்பேர். கொரியர் ஆபீஸ். ஒரு லாரியின் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று இருந்தது, அது தனி ஒ, இந்தக் கணக்கில் சேராது என்று தள்ளினாள். அதே லாரியில் கீழே சின்ன எழுத்தில் 'கோவிந்தா' இருந்தது, சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் ஹெல்மெட்டுக்குள் அவள் வாய் குவிந்து குவிந்து விரிந்தது. எண்ணிக்கை எழுபத்தொன்றைத் தொட்டபோது டைல்ஸ் கடை தாண்டிப் போயிருந்தது, வடமதுரையே முடிந்து வயல் வந்துவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

கடைக்காரர் மிக்கேல்ராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். காலையில் பதினொரு மணிக்கு வருகிறேன் என்றவர் மூன்று மணிக்கு, அதுவும் எதிர்த்திசையிலிருந்து வருகிறீர்களே என்று கேட்டார்.

"ரோட்டுல போர்டு சாஸ்திங்க சார்" என்று சொல்லி, ஹெல்மெட்டைக் கழற்றி, அவர் கடைப் பலகையை அண்ணாந்து பார்த்தாள் ஒச்சாயி. சோரூம் என்று போட்டிருந்தது. எழுபத்திரண்டு என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கம்ப்யூட்டர் எந்தக் கம்ப்யூட்டரோடு பேச மாட்டேன் என்கிறது என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.